மூன்றாம் மேஜையின் சிவப்பு வாளி

சியா பெங் ஹுவாட் தன் கடைக்கு வந்த யாரையும் ஒரு நாளும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. "என்ன வேணும்?" என்பதுதான் அவன் வரவேற்பு. விலாவா, தொடையா, குடலா, சட்டென்று சொல்லிவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால், "இதை வீட்டுலயே யோசிச்சிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கரண்டியால் அடுப்பு மேடையில் ஒரு தட்டு தட்டுவான். கிள்ளானில் பாக் குட் தே என்கிற மூலிகைச் சூப்புக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பன்றி விலாச் சட்டியில்தான் போய் விழும். அப்படியிருந்தும் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் ஒன்பது மேஜை போட்டிருந்த அந்தச் சிடுமூஞ்சியிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் சாப்பிட்டேன் என்றால், அந்தச் சூப் அப்படி.

எங்கள் மேஜை மூன்றாவது. காலை ஏழரைக்கு மூன்று பேர் கூடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நான், சன்னாசி. இரும்புச் சாமான் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, வாயை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்ட தியோ கிம் சுவீ. பிறகு ஊய் தெக். ஒரு காலத்தில் படகில் சரக்கு ஏற்றியவன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் பேச்செல்லாம் ஹொக்கியன் சீனத்தில்தான். துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த மொழியில் கெட்ட வார்த்தை முதலில் வரும், மற்றதெல்லாம் பிறகு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் நான் இறைச்சி தொடமாட்டேன், வெறும் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். "சாமிக்குப் பயந்தவன் சனிக்கிழமை ரெண்டு சட்டி தின்னுவான் பாரு" என்பான் கிம் சுவீ. அதுவும் உண்மைதான்.

சூப்பின் பேரில் தேநீர் இருந்தாலும் சட்டிக்குள் தேயிலை கிடையாது. தேநீர் தனி. மேஜைக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பும் கெட்டிலும் இருக்கும். நாமே போட்டு நாமே குடிக்க வேண்டும். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிண்ணங்களையும் அதிலேயே அலசிவிட்டு, இரண்டாவதைத்தான் குடிப்போம். அந்த அலசின தண்ணீருக்காக ஒவ்வொரு மேஜைக் காலோரமும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. கூட்டம் கலைந்ததும் பெங் ஹுவாட்டின் மனைவி கெக் ஹியாங் ஒவ்வொரு வாளியாக எடுத்துப் பின்னால் சாக்கடையில் கொட்டுவாள். கொதிக்கக் கொதிக்க மண்சட்டி வரும். அதில் விலாவும், தோலோடு கூடிய பூண்டும், பொரித்த தவ்ஃபு சோயாக்கட்டியும் கிடக்கும். சூப் தீர்ந்தால் இன்னொரு கரண்டி இலவசம். "சூப்!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும்.

பெங் ஹுவாட் எதையும் அளந்து போட்டவன் இல்லை. மூலிகை, சோயா, உப்பு எல்லாம் கையளவுதான். விடிகிற நேரத்தில் பெரிய பானை கொதித்து அடங்கியதும், முதல் கரண்டியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அப்பன் படத்துக்கு முன்னால் வைப்பான். இரண்டாவதைத் தான் குடிப்பான். குடித்துவிட்டு வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசிப்பான். பிறகு ஏதோ ஒரு சிட்டிகை விழும், அல்லது ஒன்றும் விழாது. அதற்கப்புறம் யாரிடமும் எப்படியிருக்கிறது என்று கேட்கமாட்டான். ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர், "கொஞ்சம் உப்புக் கம்மி" என்று சொல்லிவிட்டார். பெங் ஹுவாட் அவர் சட்டியைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போய், "காசு வேணாம், போயிட்டு வாங்க" என்றான். உள்ளே போய் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்து, "உப்பு சரியாத்தான்யா இருக்கு!" என்று, தெருமுனைக்குப் போய்விட்ட அந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினான். அவன் நாக்கின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எங்களுக்கும்தான்.

அவனுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது மூக்குக்குப் பின்னால் கட்டி என்றார்கள். நல்ல கட்டி இல்லை. முப்பத்து மூன்று தடவை கதிர் பாய்ச்சினார்கள். கடை ஐந்து மாதம் மூடிக்கிடந்தது. நாங்கள் வேறு கடைகளில் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் குறை சொல்லிக்கொண்டே தின்றோம். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கழுத்துத் தோல் கரிந்து கறுத்திருந்தது. வாயில் எச்சில் ஊறாது. இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு, இரண்டு வார்த்தைக்கு ஒரு மடக்கு குடிப்பான். ஆனால் கரண்டித் தட்டு மட்டும் பழையபடிதான். "என்ன முறைச்சுப் பாக்கறீங்க? செத்துட்டேன்னு நெனச்சீங்களா?" என்றான். கிம் சுவீ, "செத்திருந்தா இதைவிட நல்ல சட்டை போட்டு அனுப்பியிருப்பாங்க" என்றான். கடையே சிரித்தது. அந்தக் கடையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

சட்டி வந்தது. நான் ஒரு வாய் எடுத்தேன்.

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கஷாயத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது. மூலிகை இரண்டு மடங்கு, சோயா மூன்று மடங்கு. தொண்டைக்குள் இறங்காமல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கிம் சுவீ கிண்ணத்தை வாயில் வைத்தபடி கண்ணை மட்டும் உருட்டினான். ஊய் தெக் குனிந்த தலை நிமிரவில்லை. அடுப்பு மேடையில் பெங் ஹுவாட் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றது?" என்றேன், உதடு அசையாமல்.

"குடி."

"குடிக்கவா? ஆட்டுக்குக் குடுத்தா அதுவும் துப்பும்."

"எமனைப் பாத்துட்டு வந்தவன்கிட்ட போயி உப்பு ஜாஸ்தின்னு சொல்லுவியா நீ? உனக்கு நெஞ்சுல ஈரம் எதுனாச்சும் இருக்கா?" என்று கிம் சுவீ பல்லைக் கடித்தான். பிறகு மேஜைக்கடியில் கையை விட்டான். அவன் கிண்ணத்தில் இருந்த சூப் முழுவதும் சிவப்பு வாளிக்குள் போனது. நிமிர்ந்து, வெற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, கடை அதிரக் கத்தினான்: "சூப்!"

பெங் ஹுவாட்டின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கும் கை தானாக மேஜைக்கடியில் போயிற்று. ஊய் தெக்கும் ஊற்றினான். நானும் கத்தினேன்: "இங்கயும் சூப்!"

அப்படித்தான் ஆரம்பித்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தோம். கொஞ்ச நாளில் உடம்பு தேறும், கை பழையபடி வரும், அதுவரைக்கும் சமாளிப்போம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். இறைச்சியை வெந்நீரில் அலசித் தின்றோம். சூப்பை வாளியில் ஊற்றினோம். ஒரு காலைக்கு இரண்டு முறையாவது, சில நாள் மூன்று முறை, சூப் கேட்டோம். யார் அதிகம் கேட்பது என்பதில் எங்களுக்குள் போட்டி வேறு. வெட்கக்கேடு, அதில் ஒரு விளையாட்டுச் சந்தோஷமும் இருந்தது.

மற்ற மேஜைக்காரர்கள் எங்களைப் போல நல்லவர்கள் இல்லை. சாப்பிட்டார்கள், காசைக் கொடுத்தார்கள், மறுபடி வரவில்லை. ஒருவர்கூடக் காரணம் சொல்லவில்லை. நோயாளி முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? இரண்டு மாதத்தில் ஒன்பது மேஜை நாலாயிற்று. பெங் ஹுவாட் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தான். "பயப்படறானுங்க. கட்டி வந்தவன் கையால சாப்பிட்டா தனக்கும் வந்துடும்னு பயம். முட்டாப் பசங்க." பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு எங்கள் மேஜையைக் கரண்டியால் சுட்டிக்காட்டுவான். "இவனுங்க மூணு பேருதான் மனுசனுங்க." மனுசர்களான நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு பூண்டை உறிஞ்சினோம்.

கெக் ஹியாங் அதிகம் பேசாதவள். முதலாளியின் மனைவியை எங்கள் ஊரில் தவுக்கே சோ என்போம். அவளுக்கு அந்தப் பட்டமே பெரிது என்பது போல ஓரமாக நடப்பாள். சட்டி கழுவுவாள், சோற்றில் பொரித்த வெங்காயம் தூவுவாள், வாளி எடுப்பாள். முப்பது வருடமாக அந்தப் பெரிய பானையைத் தேய்த்துக் கழுவியவள், அதற்குள் ஒரு சிட்டிகை உப்புகூடப் போட்டதில்லை. பானை மாமனார் வழியாகப் பெங் ஹுவாட்டுக்கு வந்தது; கரண்டி ஆம்பிளை கையில்தான் இருக்கும். அவர்கள் வீட்டு வழக்கம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். கிம் சுவீயும் ஊய் தெக்கும் எழுந்து போயிருந்தார்கள். அவள் வாளியை எடுக்க வந்தாள். எடுத்தாள், ஆனால் போகவில்லை.

"அண்ணே."

"சொல்லுங்க தவுக்கே சோ."

"இன்னைக்கு வாளி லேசா இருக்கு. நீங்க ஒரு ஆளு சாப்பிடலல்ல, அதான்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. எத்தனையோ நாளாக அந்த வாளியை எடுத்துப் போய்க் கொட்டியவள் அவள்தானே! அந்த யோசனை ஏன் எங்கள் மூன்று மண்டையில் ஒன்றுக்குக்கூட வரவில்லை?

"அவருக்கு நாக்கு செத்துப்போச்சுண்ணே," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை, பெங் ஹுவாட் பின்னால் கரி அள்ளிக்கொண்டிருந்தான். "உப்பு தெரியல, இனிப்பு தெரியல. மூக்கும் அப்படித்தான். கேட்டா, எல்லாம் தெரியுதுங்கறாரு. எனக்குத் தெரியாதா? போன வாரம் கெட்டுப்போன சோயா பால ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சாரு."

"நீங்க சொல்லலாமில்ல?"

"மொத நாளே சொன்னேன். நம்பல. நான் கடைய மூடச் சொல்லித் தொல்லை பண்றேனாம், அதுக்குத்தான் இப்படிச் சொல்றேனாம். படுத்து ஓய்வெடுங்கன்னு சொன்னது தப்பாப் போச்சு." வாளியைக் கை மாற்றிப் பிடித்தாள். "நீங்க சொன்னா கேப்பாரு. நீங்கதான் இந்தக் கடையிலயே பழைய ஆளு. சூப் சரியில்ல, உன் பொண்டாட்டிய ருசி பாக்கச் சொல்லிப் போடுன்னு, அவ்வளவு சொன்னா போதும். நான் பாத்துக்குவேன். எனக்கு அந்த ருசி தெரியும்ணே. முப்பது வருசமா பானை கழுவறதுக்கு முன்னாடி அடியில மிச்சம் இருக்கறத நான்தானே குடிக்கிறேன்."

"நாளைக்கே சொல்லிடறேன்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் சீக்கிரமே போனேன். வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தேன். கடையில் அவன் ஒருவன்தான் பானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அப்பன் படத்துக்கு முன்னால் கிண்ணம் ஆவி பறக்க இருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் செய்யாத காரியம்.

"குடிச்சுப் பாரு, சன்னாசி."

குடித்தேன். உப்புக் கடல்.

"எப்படி?"

அவன் கேட்டான். யாரிடமும் கேட்காதவன். அப்போதே சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல சமயம் மனுஷனுக்குக் கிடைக்காது. எனக்கு நாக்கு இருந்தது, நாக்கில் ருசி இருந்தது, சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"நல்லாயிருக்கு," என்றேன்.

"அப்பா காலத்துது மாதிரியா?"

"அப்படியே."

அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பழைய மாதிரி, யோசித்தான். "எனக்குத் தெரியும்," என்றான். தூணுக்குப் பின்னால் கெக் ஹியாங் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டியின் மேல் இன்னொன்றை வைக்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. வாளியை எடுப்பாள், என்னைப் பார்க்கமாட்டாள். அவளுக்கு என் மேல் என்ன கோபம், நான் என்ன கெடுதல் செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அவ்வளவு பெரிய மனிதன் நான்!

ஒரு மாதம் போயிருக்கும். அவள் வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டோடு வந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே தோல் சிவந்து நீர் கோத்திருந்தது.

"என்ன தவுக்கே சோ, கையில?"

"சட்டி நழுவிடுச்சு."

"பாத்து எடுக்கக் கூடாதா? இந்த வயசுல..." என்று கிம் சுவீ புத்தி சொன்னான். அவள் இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற வழியில் பாதி சிந்தியது. பெங் ஹுவாட் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு இரண்டு வாரம் வேலை செய்தாள். பிறகு ஒரு காலை அவளைக் காணவில்லை.

"செகிஞ்சானுக்குப் போயிருக்கா. தம்பி வீட்டுக்கு," என்றான் அவன்.

"எப்ப வருவாங்க?"

"சூப் வேணுமா, வம்பு வேணுமா?"

"சூப்!" என்றான் கிம் சுவீ. அன்றும் மூன்று முறை கேட்டோம். அவள் இல்லாத நாள், பாவம், அவனுக்கு ஒரு உற்சாகமாக இருக்கட்டும் என்று.

கடையில் எங்கள் மேஜையைத் தவிர ஒரே ஒரு மேஜையில்தான் ஆள் இருந்தது. அவர்களும் போய்விட்டார்கள். நாங்கள் எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். பெங் ஹுவாட் துணியை எடுத்துக்கொண்டு மேஜை துடைக்க வந்தான். துடைக்க வேறு ஆளில்லை அல்லவா? எலும்புகளைத் தட்டில் வழித்தான். கிண்ணங்களை அடுக்கினான். பிறகு, ஒவ்வொரு மேஜைக்கும் அவள் செய்வது போலவே, குனிந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான்.

நாங்கள் மூன்று பேருமே அந்த வாளியை மறந்திருந்தோம். அதை எடுப்பவள் அவள், அவள் எதுவும் சொல்லமாட்டாள் என்று பழகிப்போயிருந்தது.

அலசின தண்ணீர் அவ்வளவு கனக்காது. அவன் தூக்கிய கை பாதியில் நின்றது. உள்ளே பார்த்தான். கறுப்பாக, விளிம்பு வரைக்கும். மேலே கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு முழுப் பூண்டு மிதந்தது. நாக்குத்தான் செத்திருந்தது அவனுக்கு, கண் நன்றாகவே தெரிந்தது.

"இது என்ன?"

கைப்பிடியை விடாமல் என் பக்கம் திரும்பினான்.

"தேத்தண்ணியில பூண்டு மிதக்குமா, சன்னாசி?"

"இன்னைக்கு எனக்கு வயிறு கொஞ்சம்..." என்று கிம் சுவீ இழுத்தான்.

"நீ பேசாத." வாளியை எடுத்து மேஜை மேல் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். "எத்தனை நாளா?"

"நீ திரும்பி வந்த நாள்லருந்து," என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. சொல்ல வேண்டிய காலம் போன பிறகு சொன்னேன்.

அவன் உட்கார்ந்தான். வாடிக்கைக்காரர் மேஜையில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பாட்டிலைத் திறக்கப் பார்த்தான், மூடி திறக்கவில்லை. ஊய் தெக் வாங்கித் திறந்து கொடுத்தான்.

"நாக்குல ஒண்ணும் தெரியல எனக்கு," என்றான். "எது குடிச்சாலும் அட்டைப் பெட்டிய மெல்ற மாதிரி. அஞ்சாறு மாசத்துல வந்துடும்னு டாக்டர் சொன்னான். அதுவரைக்கும் என்ன பண்றது? நாக்கில்லாதவன் சூப்புன்னு வெளிய தெரிஞ்சா எவன் வருவான்? அதனால உங்க மேஜையைப் பாத்தேன். மத்தவனுங்க கட்டிக்குப் பயந்து ஓடறானுங்க, அவனுங்க பேச்சு எதுக்கு. இவனுங்க பயப்படாதவனுங்க. இவனுங்க ஒரு தடவை சூப் கேட்டா, ஏதோ கொறையுதுன்னு அர்த்தம். ரெண்டு தடவை கேட்டா, சரியா இருக்கு. மூணு தடவை கேட்டா, அப்பா பானை மாதிரியே வந்திருக்கு. நீங்க மூணு தடவை கேட்ட அன்னைக்கு என்ன போட்டேனோ, அதையே மறுநாளும் போட்டேன். எங்கிட்ட இருந்த நாக்கு அதுதான்."

கிம் சுவீ அழ ஆரம்பித்தான். கூச்சமில்லாமல், மூக்கு ஒழுக.

"அவ சொன்னா," என்றான் பெங் ஹுவாட். "கசக்குது, உப்புக் கரிக்குதுன்னு மொத நாளே சொன்னா. அப்புறம் வாளியில ஊத்தறாங்கன்னும் சொன்னா. பொய் சொல்லாதடி, சன்னாசி என் முகத்துக்கு நேரா நல்லாயிருக்குன்னு சொன்னான்னேன்." தண்ணீர் குடித்தான். "போன மாசம் ஒரு நாள் நான் கரி எடுக்கப் போனேன். திரும்பி வந்தா, கெட்டிலைக் கவுத்துப் பானைக்குள்ள தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா. திருட்டுத்தனமா. எங்கப்பன் பானையில. உப்ப எறக்கத்தான் ஊத்தியிருக்கா. எனக்கு அது தெரியலயே! கடைய அழிக்கப் பாக்கறான்னு நெனச்சேன். பானையில கெடந்த கரண்டி கைக்கு வந்துச்சு. கரண்டி நெறைய கொதிக்கிற சூப் இருந்துச்சு."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. முப்பது வருடத்தில் அவள் மேல் அவன் கை ஓங்கியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் பாட்டிலை மூடி வைத்தான். பிறகு எழுந்து போய்க் கரி அடுப்பில் அந்த வாளியைக் கவிழ்த்தான். பெரிய ஆவி எழுந்து கடை முழுவதும் பரவியது. எங்கள் மூவருக்கும் கண் எரிந்தது. அவன் அந்தப் புகைக்கு நடுவில் மூக்கைக்கூடச் சுளிக்காமல் நின்றான்.

"தவுக்கே, நாங்க போயி அவங்களைக் கூட்டிட்டு வர்றோம்," என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவீங்க?" என்றான். "நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? போங்கடா. எல்லாரும் போங்க."

கடை அன்றோடு மூடியது. செகிஞ்சான் ஒன்றும் சீமையில் இல்லை, காரில் இரண்டு மணி நேரம். போக வேண்டும், அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாரம் தவறாமல் நினைத்தேன். போகவில்லை. அவன் எங்கள் போனை எடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கட்டி ஈரலில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். கடைசிப் பதினோரு நாள் கெக் ஹியாங் வந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாளாம். அவளை வரச் சொல்லி அவன் கேட்கவில்லை. கூச்சிங்கில் இருக்கிற மகள்தான் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். வந்தவளிடம் அவன் என்ன பேசினான், பேசினானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதியும் எனக்கில்லை.

சாவு வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். வீட்டு வாசலில் பந்தல். தீட்டு ஒட்டாமலிருக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு நூலை விரலில் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தோம். பெட்டிக்கு முன்னால் சோறும் கறியும் படைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மண்சட்டி, ஆவி பறந்துகொண்டிருந்தது. கெக் ஹியாங்கே அடுப்பு மூட்டி, அந்தப் பெரிய பானையிலேயே வைத்த சூப் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஊதுபத்தி பாதி எரிந்ததும் மகள் இரண்டு காசுகளைக் கையில் குலுக்கி, "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுத் தரையில் போட்டாள். ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் ஆச்சு என்று பொருள். இரண்டும் பூவாக விழுந்தன. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டாள். அப்போதும் ஆகவில்லை. மூன்றாவது தடவைதான் சாப்பிட்டான். செத்த பிறகும் அவன் ருசியாக இருந்தால் ருசி, இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்கிறவன்தான் போலிருக்கிறது என்று தோன்றியது. எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது.

வந்தவர்களுக்குப் பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்கான கிண்ணத்தைக் கெக் ஹியாங்கே கொண்டுவந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, வழவழவென்று வேறு நிறத்தில் இருந்தது. நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

குடித்தேன். பூண்டு கரைந்திருந்தது. மூலிகை இருக்கிறது என்று தெரிந்தது, கசக்கவில்லை. உப்பு கடைசியில்தான் வந்தது. அவன் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு ஒரு சிட்டிகையும் போடாமல் விட்ட நாள்களில் எப்படி இருக்குமோ, அதே சூப். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தினமும் ஒன்பது மேஜைக்கும் இதுதான் போயிருக்கும். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாயிருக்கு, தவுக்கே சோ," என்றேன். "நெசமாவே. அப்படியே அவன் கை மாதிரி."

அவள் என் கையிலிருந்த வெற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில், இரண்டு பக்கமும், குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"நீங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவீங்க, அண்ணே," என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.